அப்பாவின் குடிலில் யார் உட்காருவது

முகாம், டாம்மி ஓடைச் சாலை, வட மிச்சிகன்
29 ஏப்ரல் 1984

அன்புள்ள ஐலிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? உன் மகள் வீட்டில் படிகள் அதிகம் என்று சொன்னாய். பார்த்து ஏறு.

போன வாரம் வேட்டை முகாமுக்கே குடிவந்துவிட்டேன். மரத்தடிகளில் இன்னும் பனி கிடக்கிறது. அடுப்பு எரிகிறது, கூரை ஒழுகவில்லை, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம். முப்பது ஆண்டு வரலாறு சொல்லிக்கொடுத்தவனை முன்கூட்டியே ஓய்வில் அனுப்பிவிட்டு, என் வகுப்பைக் கூடைப்பந்துப் பயிற்சியாளனிடம் கொடுத்திருக்கிறார்கள். அவன் நெப்போலியனையும் விசில் அடித்துத்தான் அறிமுகப்படுத்துவான்.

நிலம் மோசமாக இருக்கிறது. உன் வெர்னர் பக்கவாதத்தில் விழுந்த பிறகு எட்டு ஆண்டாக இங்கே யாரும் கத்தி வைக்கவில்லை. பழைய வயல் முழுவதும் ராஸ்பெரி முள். ஆப்பிள் மரங்களைச் சுற்றி என்னைப் போல் இரண்டு மடங்கு உயரத்துக்குக் காட்டு மரங்கள். மான் தடம் இருக்கிறது. ஆனால் இருபதடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. தெரியாததை எப்படிச் சுடுவது? நவம்பர் பதினைந்தாம் தேதி வேட்டை தொடங்குவதற்குள் இதைச் சரிசெய்யப்போகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த நவம்பரில், மானுக்காக மறைந்து உட்காரும் அப்பாவின் குடிலில் நான்தான் உட்காருவேன். நிலத்தை என் பேரில் எழுதிவைத்த அப்பா, நிலத்திலேயே நல்ல இடத்தை மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். சொந்த மகன் சதுப்பு ஓரத்தில் ஈரக் காலோடு உட்கார்ந்து, மாப்பிள்ளை சுடும் சத்தத்தை ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டிருந்தேன். வெர்னர் போய்ச் சேர்ந்துவிட்டான். துக்கத்தில் இருப்பவளிடம் இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனால் சொல்லாமல் செய்தால் அது இன்னும் மோசம்.

வெர்னரின் புதர்க் கத்தியும் சங்கிலி ரம்பமும் எங்கே?

இப்படிக்கு,
ஒன்னி

டுலூத்
14 மே 1984

அன்புள்ள அண்ணனுக்கு,

முழங்கால் அப்படியேதான். மகள் காரின் நலமாக இருக்கிறாள். பள்ளிச் சமையலறையில் எனக்கு இன்னும் ஒரு மாதம் வேலை, பிறகு கோடை விடுமுறை. ஏரியிலிருந்து வரும் காற்று ஜூன் வரை கோட்டைக் கழற்ற விடாது. நீ தனியாகச் சமைக்கிறாயா, அல்லது டப்பாவைத் திறந்து நின்றபடியே தின்கிறாயா?

கத்தி, ரம்பம் இரண்டும் ஹியூகோவிடம் இருக்கின்றன. கேட்டால் கொடுப்பார். கேட்கும்போது கொஞ்சம் சிரித்த முகத்தோடு கேள். பக்கத்து நிலத்துக்காரர், அவரிடம்தான் டிராக்டரும் இருக்கிறது.

ஆப்பிள் மரங்களைக் கழிக்கப் போகாதே. எட்டு ஆண்டு நிழலில் நின்ற மரம். முதலில் அதன் தெற்குப் பக்கம் நிற்பதை மட்டும் வெட்டி வெயில் விடு. கிளைகளை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். ஓடைப் பக்கம் இருக்கும் பச்சை ஆப்பிள்தான் மானுக்குப் பிடிக்கும். சிவப்பு நமக்கு.

குடிலைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். கூரையில் தார்த்தாள் கிழிந்திருக்கும். மாற்றிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஐலி

முகாம்
17 ஜூன் 1984

அன்புள்ள ஐலிக்கு,

கறுப்பு ஈக்கள் என்னை உயிரோடு தின்கின்றன. மற்றபடி நலம். டப்பாவைத் திறந்து தட்டில் போட்டு, உட்கார்ந்துதான் தின்கிறேன்.

ஹியூகோவிடம் சிரித்த முகத்தோடுதான் கேட்டேன். "என்ன வாத்தியாரே, பல்லு வலியா?" என்றார். ரம்பத்தைக் கொடுத்துவிட்டு, நான் அதைக் கிளப்புவதைப் பார்க்க ஒரு மரக்கட்டை மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டார். "வெர்னர் ரெண்டே இழுப்புல கிளப்பிருவான்" என்று வேறு சொன்னார். வெர்னர் செத்த பிறகும் எனக்கு முன்னால்தான் நிற்கிறான்.

முதல் ஆப்பிள் மரத்துக்கு வெயில் கிடைத்துவிட்டது. சாலைப் பாதை திறந்துவிட்டது. வேலை செய்யச் செய்ய பழையதெல்லாம் நினைவுக்கு வருகிறது. வேட்டைக்கு முந்தின இரவு நாங்கள் எல்லோரும் முகாமில் படுப்போம். வெர்னர் மட்டும் சாலைக்கு அந்தப் பக்கம் உங்கள் வீட்டிலேயே படுத்து, உன் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, விடியுமுன் நேராகக் குடிலுக்குப் போய்விடுவான். எங்களோடு ஒரு சீட்டாட்டம்கூட ஆடியதில்லை. மறுநாள், சுட்ட மான்களை ஊர் பார்க்கத் தொங்கவிடும் கம்பத்தில் அவன் மான் தொங்கும். அப்பா அதன் பக்கத்தில் நின்று எல்லோரிடமும் "நம்ம மாப்பிள்ளை" என்பார். என் பக்கத்தில் நின்று "நம்ம பையன்" என்று சொல்ல அவருக்கு ஒரு சந்தர்ப்பமும் நான் கொடுக்கவில்லை, சரி. சதுப்பில் உட்கார்ந்து எப்படிக் கொடுப்பது?

குடிலிலிருந்து பார்வைக்கு மூன்று நேர் சந்துகள் வெட்டப்போகிறேன். பழைய கொட்டகையின் அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஊசியிலை மரக்கன்றுகள் நடுச் சந்தின் பார்வையை மறைக்கின்றன. இந்த மாதக் கடைசியில் அவற்றையும் எடுத்துவிடுவேன். குடிலைப் பற்றி நீ எதிர்த்து ஒன்றும் எழுதவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

உன் அண்ணன்,
ஒன்னி

டுலூத்
27 ஜூன் 1984

ஒன்னி,

நலம், நலமறிய ஆவல், மற்றதைப் பிறகு எழுதுகிறேன். அஸ்திவாரத்துப் பக்கம் இருக்கும் ஊசியிலைக் கன்றுகளை வெட்டாதே.

பெண்மான் ஓடையிலிருந்து ஏறி நேராக வெட்டவெளிக்கு வராது. அந்தக் கன்றுகளுக்குப் பின்னால் வந்து நிற்கும். காது மட்டும்தான் தெரியும். அங்கே நின்று பார்த்து, பயமில்லை என்று தெரிந்த பிறகே ஆப்பிளுக்கு வரும். ஆண்மான் அதன் பின்னால், கொஞ்சம் நேரம் கழித்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு வரும். கன்றுகள் இல்லாவிட்டால் பெண்மான் வராது, அது வராவிட்டால் அவனும் வரமாட்டான். அவன் இரண்டாவது ஆப்பிள் மரத்தைத் தாண்டும்வரை துப்பாக்கியைத் தூக்கக் கூடாது. அதற்கு முன்னால் அசைந்தால் பார்த்துவிடுவான்.

இடதுபுறம் ஒரு பாறை இருக்கிறது. வெளிச்சம் சரியாக வராதபோது படுத்திருக்கும் மான் போலவே இருக்கும். முதல் வருஷம் அரை மணிநேரம் அதையே குறிபார்த்துக்கொண்டிருந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஏமாந்துவிடாதே.

இதை உடனே தபாலில் போடுகிறேன்.
ஐலி

முகாம்
8 ஜூலை 1984

அன்புள்ள ஐலிக்கு,

உன் கடிதம் வந்த அன்று கன்றுகள் தரையில் கிடந்தன. இரண்டு நாள் முன்புதான் வெட்டினேன். என் அஞ்சல் பெட்டி சாலைமுனையில் இருக்கிறது, தினமும் போய்ப் பார்ப்பதில்லை.

ஹியூகோ வந்து மூன்று சந்துகளையும் நடந்து பார்த்தார். பிறகு, "அழகா இருக்கு வாத்தியாரே. கோல்ஃப் குச்சி எங்க?" என்றார்.

"மூணு பக்கமும் பளிச்சுன்னு தெரியுதே?"

"உங்களுக்குத் தெரியுது. அதுக்கும் நீங்க தெரிவீங்க. மான் என்ன, அட்டெண்டன்ஸ் குடுக்கவா வருது?"

சிரிக்கட்டும். வெட்டிய கன்றுகளை அதே இடத்தில் குவித்துவைத்தால் போதுமா, அல்லது வேறு எதையாவது தோண்டி நட வேண்டுமா? நீதான் சொல்ல வேண்டும். வெர்னர் உன்னிடம் இவ்வளவு விவரமாகச் சொல்லியிருப்பான் என்று நான் நினைக்கவில்லை. எங்களிடம் அவன் "காப்பி இருக்கா?" என்பதற்கு மேல் பேசியதில்லை.

முழங்கால் எப்படி?
ஒன்னி

முகாம்
26 ஆகஸ்ட் 1984

அன்புள்ள ஐலிக்கு,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? காரினாவது ஒரு அட்டை போடக் கூடாதா?

கன்றுகளைக் குவித்து, ஓடைப் பக்கத்திலிருந்து உயிருள்ள கன்றுகளையும் வேரோடு கொண்டுவந்து நட்டேன். முக்கால்வாசி பிடித்துக்கொண்டது. நேராக வெட்டியிருந்த மற்ற இரண்டு சந்துகளிலும் கன்று நட்டு, பாதையை வளைத்துவிட்டேன். ஹியூகோ டிராக்டர் ஓட்டி வயலின் நடுவைக் கீறிக் கொடுத்தார். மானுக்காக அதில் ரை தானியம் விதைத்தேன். முளைத்திருக்கிறது.

நேற்று குடிலுக்குத் தார்த்தாள் போட்டு முடித்து, உள்ளே போய் உட்கார்ந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் காத்திருந்து உட்கார்ந்த இடம். என் முழங்கால் தாடையில் இடித்தது. ஆசனம் அவ்வளவு தாழ்வு. காலை வைக்க ஒரு குறுக்குப் பலகை வேறு, எனக்கு அது கெண்டைக்காலில் முட்டுகிறது. சுடும் திறப்பு என் மார்பளவில் இருக்கிறது. குனிந்தால்தான் வெளியே தெரிகிறது. ஆணிகள் அப்பா அடித்தவை, அவர்தான் தலையை மடக்கி அடிப்பார்.

வெர்னர் என்னைவிட நாலு விரற்கடை உயரம். முகாம் வாசலில் வருஷா வருஷம் நெற்றியை இடித்துக்கொள்பவன். அவன் இங்கே எப்படி உட்கார்ந்தான்?

ஆசனத்தை உயர்த்தலாம் என்று பலகையைக் கழற்றிவைத்திருக்கிறேன். பதில் எழுது.

ஒன்னி

டுலூத்
9 செப்டம்பர் 1984

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பள்ளி திறந்துவிட்டது, வேலை அதிகம். நீ கன்றுகளை நட்டது நல்லது. முதல் குளிர் வரை தண்ணீர் ஊற்று.

ஆசனத்தை உனக்குத் தோதாக உயர்த்திக்கொள். நிலம் உன்னுடையது, குடிலும் உன்னுடையது. நான் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். வெர்னரைப் பற்றி ஊரில் யாரிடமும், முக்கியமாக ஹியூகோவிடம், எதுவும் கேட்காதே. உனக்கு வெர்னரைப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஊரில் அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. இறந்தவரிடம் மிஞ்சியிருப்பது அதுதான். விட்டுவிடு.

குளிர் வருகிறது, கம்பளிச் சட்டை அனுப்பட்டுமா?
ஐலி

முகாம்
23 செப்டம்பர் 1984

ஐலி,

கம்பளிச் சட்டை வேண்டாம், இருக்கிறது. நீ நலம் என்பதில் மகிழ்ச்சி.

யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. உன் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். பாறையைக் குறிபார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறாய். புருஷன் சொல்லிக் கேட்டவள் பாறையைப் பற்றி எழுதுவாள். கழுத்தைப் பற்றி எழுதமாட்டாள். பிறகு குடிலுக்குப் போய் பலகையை அதன் இடத்தில் வைத்துப் பார்த்தேன். உன் உயரத்துக்குக் கணக்காக இருக்கிறது.

எனக்கு எவ்வளவு கோபம் என்று மறைக்கமாட்டேன். அப்பா என்னை விட்டுவிட்டு மாப்பிள்ளைக்குக் கொடுத்தார் என்று வெர்னரோடு வாழ்நாள் முழுவதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தப்பான ஆள்மேல் கோபப்பட்டிருக்கிறேன். எவ்வளவு வீண்! வேட்டைக் காலத்தில் முகாமுக்குள் பெண் கால் வைக்கக் கூடாது என்று விதி வைத்தவரே, மகளுக்குக் கால் வைக்கப் பலகை அடித்திருக்கிறார். மகனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தக் குடில் யாருடையது? ஒரு வரி எழுது. சுற்றி வளைக்காதே.

ஒன்னி

டுலூத்
7 அக்டோபர் 1984

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீயும் நலமாக இரு, இதைப் படித்த பிறகும்.

என்னுடையதுதான்.

வெர்னருக்குக் கொரியப் போரிலிருந்து வந்த பிறகு துப்பாக்கி பிடிக்க முடியவில்லை. கை நடுங்கும். பக்கத்தில் யாராவது சுட்டால் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுப்பார். பன்றி அறுக்கும் நாளில் ஊரைவிட்டே போய்விடுவார். ஒருநாள் அப்பா அதைப் பார்த்துவிட்டார். அன்று சாப்பிட்டு முடித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ சின்ன வயசுல காக்கா சுடுவியே, இன்னும் கை ஞாபகம் இருக்கா?"

"இருக்குப்பா."

"அப்ப நீ போய் என் குடிலில உக்காரு. அவனும் கூட வரட்டும். மான் அவன் பேர்ல தொங்கட்டும். வேட்டைக்கு வராதவன்னு இந்த ஊர்ல பேர் எடுத்தா அவன் தலை நிமிர மாட்டான்."

"அண்ணன்கிட்ட சொல்லட்டுமா?"

"அவன்கிட்டயா! வேணாம்மா. அவன் எதையும் மறக்க மாட்டான்."

உன்னை அவர் குறைத்துச் சொன்னார் என்று எடுத்துக்கொள்ளாதே. எடுத்துக்கொள்வாய்.

அதனால்தான் நாங்கள் முகாமில் படுக்கவில்லை. வெர்னர் என் பக்கத்தில் காதில் பஞ்சு வைத்து, கண்ணை மூடி, காப்பிக் குடுவையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் சுட்ட பிறகு முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார். எனக்கு அந்த இடத்தின்மேல் ஆசை இல்லை என்று சொன்னால் பொய். வருஷம் முழுவதும் அந்த ஒரு காலைக்காகக் காத்திருப்பேன். ஆனால் இப்போது என் பேரில் அனுமதிச் சீட்டு வாங்கி அங்கே உட்கார்ந்து, நான் சுட்ட மான் கம்பத்தில் தொங்கினால், ஊர் பழைய மான்களையும் எண்ணிப்பார்க்கும். வெர்னரின் பேர் போய்விடும். அதைவிட நீ உட்காருவதே மேல்.

ஆசனத்தை உயர்த்திக்கொள்.
ஐலி

முகாம்
21 அக்டோபர் 1984

ஐலி,

முதல் பனி விழுந்து கரைந்துவிட்டது. சளி பிடித்திருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை.

பலகையை அதன் பழைய ஆணித்துளைகளிலேயே அடித்துவிட்டேன். உயர்த்தவில்லை. நான் சதுப்பு ஓரத்திலேயே உட்காருவேன். அங்கே உள்ள ஒவ்வொரு தவளையும் எனக்குப் பழக்கம்.

இது பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. ஏப்ரலிலிருந்து இந்த நிலத்தில் முதுகு ஒடிய வேலை செய்திருக்கிறேன். கன்றுகளுக்குப் பின்னால் தினமும் பெண்மான் வந்து நிற்கிறது, காதைப் பார்க்கிறேன். இவ்வளவையும் செய்துவிட்டு நான் அங்கே உட்கார்ந்து குறிதவறினால், என்னைக் குறைசொல்ல நானே மிச்சம். அதற்கு நான் தயாரில்லை. அப்பாமேல் கோபம் அப்படியே இருக்கிறது. உன்மேல் உள்ளதை முடிவு செய்யவில்லை.

முகாமில் இப்போது உறுப்பினர் நான் ஒருவன்தான். ஞாயிறன்று கூட்டம் போட்டு, பெண்கள் வரக் கூடாது என்ற விதியை ஒருமனதாக நீக்கிவிட்டேன். வெளிமாநிலத்தாருக்கான வேட்டைச் சீட்டு வாங்கிக்கொண்டு பதினான்காம் தேதி வந்துவிடு. ஊர் எதையும் எண்ணிப்பார்க்காது. முப்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் சொல்கிறேன்.

கம்பளிச் சட்டையை எடுத்துவா, யோசித்துப் பார்த்தால் என்னுடையது கிழிந்திருக்கிறது.

ஒன்னி

முகாம்
19 நவம்பர் 1984

அன்புள்ள ஐலிக்கு,

பனிப்புயலுக்கு முன் டுலூத் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். சட்டை சரியாக இருக்கிறது, கை கொஞ்சம் நீளம். உன் கழுத்து எப்படி?

நீ கிளம்பிய பிறகு நானும் ஹியூகோவும் உன் மானை ஊருக்குக் கொண்டுபோனோம். கம்பத்தில் இதுவரை தொங்கியதில் இதுதான் பெரியது. தொங்கும் மானுக்குப் பெயர் அட்டை எழுதுகிற லாரி மாக்கி என்பவன், கொம்பில் கட்டியிருந்த உன் சீட்டைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தான். "வாத்தியாரே! கடைசியில அடிச்சிட்டீங்களே! அதுவும் அப்பா குடில்லேர்ந்து!" என்று அட்டையில் என் பேரை எழுத ஆரம்பித்தான். நான் அவனைத் தடுக்கவில்லை. எதிரே இருக்கிற மதுக்கடைக்குள் இழுத்துப்போனார்கள். யாரோ முதுகில் தட்டினார்கள். பீர் வந்தது. ஹியூகோ மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதிக் கோப்பை இறங்கும்வரை அது என் மானாக இருந்தது. நன்றாக இருந்தது, ஐலி. அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு சொல்லிவிட்டேன். "அது என் தங்கச்சி சுட்டது. அட்டையை மாத்தி எழுது."

லாரிதான் முதலில் வாயைத் திறந்தான். "ஐலியா? சும்மா சொல்லாதீங்க. அது எங்க சுடக் கத்துக்கிச்சு?"

நீ பயந்த கேள்வி அதுதான். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். மூலையில் இருந்த கிழவன் ஒருவன் விரலை மடக்கி ஏதோ எண்ண ஆரம்பித்ததுபோல் எனக்குத் தோன்றியது.

"வேற யாரு கத்துக் குடுப்பா? வெர்னர்தான்," என்றேன். "இந்தப் பக்கத்துல அவனை மாதிரி சுடறவன் யாரு இருந்தான்?"

"அது சரி," என்றான் லாரி. "அது சரி," என்றார்கள் எல்லோரும். கோப்பைகளைத் தூக்கி வெர்னர் பேரைச் சொல்லிக் குடித்தார்கள். நானும் தூக்க வேண்டியதாயிற்று. லாரி வெளியே போய் அட்டையில் உன் பேரை எழுதிக் கட்டினான். ஹியூகோ என் மீதிப் பீரைத் தன் பக்கம் இழுத்துக் குடித்துவிட்டார்.

இறைச்சியை நாளை அறுத்துப் பிரிக்கிறோம். உன் பங்கு சாலை திறந்ததும் பஸ்ஸில் வரும்.

அவனைப் பற்றி நான் சொன்ன முதல் நல்ல வார்த்தை, ஐலி. அதுவும் பொய்யாகப் போயிற்று.

உன் அண்ணன்,
ஒன்னி